பெரிய சுற்று

பெய்ரூத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த மகள் அய்னலெம் போனில் பேசாமல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயிருந்தன. மெகுரியா வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மனைவி பிர்கேதான் ஞாயிறுதோறும் கோயிலிலிருந்து வந்ததும் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வாரத்துக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள்.

"எசமானியம்மா வெயிலுக்குப் பயந்து மலைக்குப் போயிருப்பா. இவளையும் கூட்டிட்டுப் போயிருப்பா. அங்க டவர் இருக்காது" என்றாள் முதல் வாரம். அடுத்த வாரம், "கார்டு தீர்ந்திருக்கும்" என்றாள். மூன்றாவது வாரம் காரணம் எதுவும் சொல்லவில்லை. கைபேசியை மேல்துணியின் ஓரத்தால் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

"அங்க போய்ட்டு வந்தவங்க யாரையாவது ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா நீங்க?"

"ஷிமெலிஸ்கிட்ட சொல்லியிருக்கேன். அவன் தெருவுல நாலு பொண்ணுங்க போய் வந்திருக்கு."

"அவன் என்ன சொன்னான்?"

"விசாரிக்கிறேன்னான்."

ஷிமெலிஸ் பத்து நாளாக விசாரித்துக்கொண்டிருந்தான். நேரில் பார்க்கும்போதெல்லாம் வேறு எதையாவது பேசினான்.

மெகுரியா பகல் பயணங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்துப் பிழைப்பவர். அடிஸ் அபாபாவிலிருந்து காலையில் தனிக்காரில் கிளம்பி, ஏதாவதொரு ஏரியையோ மடத்தையோ காட்டையோ பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப நினைக்கிறவர்கள் பியாஸா வட்டாரத்திலுள்ள ஒரு காப்பிக்கடைக்கு வந்து அவரைக் கேட்பார்கள். மூலை மேசைதான் அவருடைய அலுவலகம். முன்பு நிலம் அளக்கும் இலாகா ஒன்றில் ஜீப் ஓட்டியவர். அந்த இலாகாவை மூடியபோது அவரிடம் மிஞ்சியது சாலைகளைப் பற்றிய ஞானம் மட்டுமே. தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவனான ஷிமெலிஸோடு கூட்டாக ஒரு பழைய லேண்ட் க்ரூஸரை வாங்கினார். அவர் திட்டம் போடுவார், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி சொல்வார். ஷிமெலிஸ் ஓட்டுவான்.

"போறது யாருக்கும் தெரியும். திரும்பி வர்றதுக்குத்தான்யா திட்டம் வேணும்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. அதில் உண்மை இருந்தது. இது மேட்டில் உட்கார்ந்திருக்கும் நகரம். கிழக்கே போனால் காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம். ஜிபூத்தி துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றி வரும் லாரிகள் முக்கி முனகி ஏறும் நேரத்தில் அவற்றின் பின்னால் மாட்டிக்கொண்டால், பார்த்த ஏரியெல்லாம் மறந்து புகை மட்டும் நினைவில் நிற்கும். எந்தத் தேதியில் எந்தப் புனிதரின் நாள் வருகிறது, அன்று எந்த மடத்துச் சாலை ஜனங்களால் அடைபடும் என்பதும் அவருக்கு மனப்பாடம். புதிதாக வந்த வெளிநாட்டுக்காரனை முதல் நாளே என்தோத்தோ மலையில் ஏற்ற மாட்டார். அவன் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவருக்குப் பிடிக்காது.

ஒருமுறை வங்கி அதிகாரி ஒருவர் வந்தார். "வெள்ளிக்கிழமை வெஞ்சி ஏரிக்குப் போறோம். வழியில நல்ல பச்சைக் கறி வெட்டுற கடையா பாத்து நிறுத்துங்க" என்றார்.

"விரத நாள்ல பச்சைக் கறி வெட்டுற கடையா? இருக்கு ஐயா. ஆனா அதுக்கு நீங்க விமானத்துல போகணும்."

கடையே சிரித்தது. அதிகாரி சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்.

இந்தத் தொழிலுக்குள் இன்னொரு தொழில் மெகுரியா தேடாமலே வந்து சேர்ந்தது. அதற்கு ஷிமெலிஸ் வைத்த பெயர் பெரிய சுற்று.

இங்கே இழவுச் செய்தியைத் தொலைபேசியில் சொல்ல மாட்டார்கள். தனியாக இருப்பவரிடமும் சொல்ல மாட்டார்கள். உறவும் அண்டை அயலும் கூடி, பெரியவர்களை முன்னால் நிறுத்தி, விடிகிற நேரத்தில் வீட்டு வாசலுக்குப் போய்த்தான் சொல்வார்கள். அதற்கு மெர்தோ என்று பெயர். விழுகிறவரைத் தாங்கக் கைகள் வேண்டும், கூடவே அழ வாய்கள் வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கைகளும் வாய்களும் வந்து சேரும்வரை, உரியவருக்குத் தெரியாமல் ஊரே சாவை மறைத்து வைத்திருக்கும். தெருவின் இழவுச் சங்கம் பந்தலையும் பெஞ்சுகளையும் பெரிய பானைகளையும் கொண்டுவந்து இறக்க வேண்டும். தூரத்து உறவுகள் பஸ் பிடித்து வர வேண்டும். அந்த ஒரு பகல் முழுக்க உரியவரை எங்கே வைத்திருப்பது? அதற்குத்தான் மெகுரியா.

பெரிய சுற்றை அவர் நன்றாகவே போட்டிருந்தார். கிழக்குச் சாலையில் துகெம் ஊருக்கு வெளியே டயர் பஞ்சராகும். பஞ்சரே ஆகாத டயரை ஷிமெலிஸ் கழற்றி மாட்டுவான். பிஷோஃப்துவில் ஏரியைப் பார்த்த ஒரு வீட்டில் காப்பி. பச்சைக் கொட்டையை வறுப்பதிலிருந்து தொடங்கி மூன்று சுற்றும் ஊற்றி முடிக்க அந்தம்மாள் அரைப் பொழுதை விழுங்கிவிடுவாள். பிறகு ஸுக்வாலா மலை. உச்சியில் மடமும் தீர்த்த ஏரியும் இருக்கின்றன. ஏறுகிற பாதையோ கல்லும் குழியும். இறங்கி, மெக்கி பக்கம் ஓட்டி, வேலமர நிழல்களில் வெங்காயம் குவித்து விற்கிற இடத்தில் நிறுத்துவார்கள். அங்கிருந்து மெகுரியா வீட்டாரை அழைத்து, "வெங்காயம் வாங்கட்டுமா?" என்று கேட்பார். "இன்னும் வேண்டாம்" என்றால் பந்தல் தயாரில்லை. "வாங்கிட்டு வாங்க" என்றால் திரும்பலாம்.

இதில் தவறு எதுவும் இருப்பதாக அவர் நினைத்ததில்லை, ஹிருத் வரும்வரை.

ஹிருத் பதினோரு வருஷம் கழித்து அமெரிக்காவிலிருந்து வந்தவள். அவள் வருவதற்கு மூன்று வாரம் முன்பே அப்பாவைப் புதைத்துவிட்டார்கள். விமான நிலையத்தில் அண்ணன்காரன், "அப்பா ஸுக்வாலாவுல தீர்த்தம் குளிச்சிட்டு இருக்காரு. முழங்கால் வலி. மெகுரியா அண்ணன் உன்னக் காலையில கூட்டிட்டுப் போவார்" என்று சொல்லிவிட்டான். அவள் வண்டியில் ஏறும்போது கையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அப்பாவுக்கு வாங்கிய சப்பாத்து.

துகெமில் டயர் கழன்றபோது அவள் கல்லின் மேல் உட்கார்ந்து சிரித்தாள். "அங்க எல்லாம் டயர் பஞ்சரானா போன் பண்ணிட்டு கார்லயே உக்காந்துருவாங்க அண்ணே. இப்படி ரோட்டுல உக்காந்து எத்தன வருஷமாச்சு!"

"நல்லா உக்காரும்மா. அவசரமே இல்ல" என்றார் மெகுரியா.

பிஷோஃப்துவில் சாப்பிடும்போது அவள் இஞ்செரா என்கிற புளித்த அப்பத்தில் முதல் கவளத்தைச் சுருட்டி, உரிமையோடு அவர் வாயில் ஊட்டினாள். "எங்க அப்பா மாதிரியே மீசை உங்களுக்கு" என்றாள். மெகுரியா மென்று விழுங்கினார். ஸுக்வாலா உச்சியில், தீர்த்தக் கரையில் வெள்ளைத் துணி போர்த்தி நடுங்கிக்கொண்டிருந்த நோயாளிகளுக்கு நடுவே அவள் "அப்பா! அப்பா!" என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். இரண்டு கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெகுரியா கொஞ்ச நேரம் அவளை நடக்கவிட்டு, பிறகு போய், "நேத்தே இறங்கிட்டாராம்மா. வீட்டுக்குத்தான் வந்துட்டு இருப்பாராம்" என்றார். அதுவும் திட்டத்தில் உள்ள வாக்கியம்தான்.

அன்று இரவு வீடு நிறைய உறவினர்கள். அவளைப் பார்க்க வந்ததாகச் சொன்னார்கள். அவள் எல்லோருக்கும் பரிசுகள் பிரித்துக் கொடுத்தாள். அப்பா எங்கே என்று கேட்டதற்கு, களைத்துப் போய் அத்தை வீட்டில் தூங்குகிறார் என்றார்கள். விடியலில் சொன்னார்கள்.

ஒரு வாரம் கழித்து அவள் காப்பிக்கடைக்கு வந்தாள். கறுப்பு உடுத்தியிருந்தாள். அட்டைப்பெட்டியை மேசையில் வைத்தாள்.

"உங்க அளவான்னு தெரியல. போட்டுக்கோங்க. அன்னைக்கு ஒரு நாள் நீங்கதானே எங்க அப்பாவா இருந்தீங்க."

"தங்கச்சி, இது நம்ம வழக்கம். உன்னத் தனியா விழ விடக் கூடாதுன்னுதான்..."

"நான் செத்தவருக்காக மலையெல்லாம் கத்திக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்க. என் கையால வாங்கித் தின்னீங்க அண்ணே. தின்னீங்கல்ல?"

அவர் பதில் சொல்வதற்குள் போய்விட்டாள். வெளிநாடு இவர்களைக் கல்லாக்கிவிடுகிறது என்று மெகுரியா ஷிமெலிஸிடம் சொன்னார். சப்பாத்து அவருக்குப் பெரிதாக இருந்தது. ஷிமெலிஸுக்குச் சரியாக இருந்தது, அவன் எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகும் அவர்கள் பெரிய சுற்று பலமுறை போனார்கள். மெகுரியா மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று. அந்த நாட்களில் வாடிக்கையாளர் ஊட்டினால் வாங்க மாட்டார். வயிறு சரியில்லை என்பார்.

மூன்றாவது ஞாயிறு கழிந்த புதன்கிழமை, விடிந்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஷிமெலிஸ் வாசலில் ஹாரன் அடித்தான். பின் இருக்கையில் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். புது மேல்துணி.

"திடீர் சவாரி அண்ணே. இவங்க பேரு யெஷி. ஊருக்கு வந்திருக்காங்க. மெக்கி பக்கம் போய் ஏரியெல்லாம் பாக்கணுமாம்."

"முன்னாடியே சொல்ல மாட்டியா? புதன்கிழமை மெக்கியில என்ன இருக்கு?"

"நீ வா அண்ணே. நீ இல்லாம நான் எங்க போய் வழி தேடுவேன்?"

"இருபது வருஷமா அதே ரோடு. உனக்கு வழி தெரியலன்னா அந்த ரோட்டுக்கே அவமானம்" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். பிர்கே வாசலில் நின்று, "அவன்கிட்ட அத மறக்காமக் கேளுங்க" என்றாள். ஷிமெலிஸ் கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தான்.

நகரத்தின் ஓரம் கலிட்டி தாண்டியதும் மெகுரியாவுக்கு ஏதோ நெருடியது. வண்டியில் ஏறிய எவரும் முதல் அரை மணியில் மூன்று கேள்விகள் கேட்பார்கள்: எவ்வளவு தூரம், எங்கே சாப்பாடு, எத்தனை மணிக்குத் திரும்புவோம். யெஷி எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள்.

"எந்த ஊர்லேர்ந்து வந்திருக்கம்மா?" என்று கேட்டார்.

"அரபு ஊர்லேர்ந்து" என்றாள். எந்த அரபு ஊர் என்று சொல்லவில்லை.

துகெமில் ஷிமெலிஸ் நிறுத்தவில்லை. பிஷோஃப்துவில் காப்பிக்கும் நிறுத்தவில்லை. நேராக மோஜோ தாண்டி மெக்கிச் சாலையில் இறக்கினான். வெயில் ஏறியது. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்ட மெகுரியாவுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது; தான் போட்ட சுற்று இல்லை இது. ஆனால் மெக்கிக்குச் சற்று முன்னால் வண்டி ஓரங்கட்டியது. ஷிமெலிஸ் இறங்கிப் பின் சக்கரத்தை உதைத்துப் பார்த்தான்.

"காத்து இறங்குது அண்ணே."

மெகுரியா ஜன்னல் வழியாகப் பார்த்தார். சக்கரம் கல்லுமாதிரி இருந்தது.

ஷிமெலிஸ் நல்லவன். ஆனால் புதிதாக எதையும் யோசிக்கத் தெரியாதவன். சுற்றை முன்பின்னாக மாற்றிப் போடத் தெரிந்தது, அவ்வளவுதான். வேலமரத்தடியில் சிவப்பு வெங்காயம் குவியல் குவியலாகக் கிடந்தது. விற்கிற பெண்கள் கையை ஆட்டிக் கூப்பிட்டார்கள். ஷிமெலிஸ் நாலடி தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, கைபேசியைக் காதில் வைத்தான். பழக்கம் அவன் நாக்கை இழுத்துக்கொண்டு போனது.

"வெங்காயம் வாங்கட்டுமா?" என்றான்.

சொன்ன கணமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே மெல்லத் திரும்பினான். மெகுரியா வண்டியிலிருந்து இறங்கி நின்றுகொண்டிருந்தார்.

"யாரு?" என்றார்.

"அண்ணே, சும்மா வீட்டுக்கு..."

"யாருடா? எங்க அண்ணனா? தெஸ்ஸேயில அவருக்கு நெஞ்சு வலின்னாங்களே. அவரா?"

ஷிமெலிஸ் கைபேசியை மெல்ல இறக்கினான்.

"அத்தையா? அத்தைக்குத்தான் வயசாச்சு. அத்தைதான? சொல்லு, நான் ஒண்ணும் விழுந்துட மாட்டேன். எத்தன பேர இந்த ரோட்டுல நானே கூட்டிட்டு வந்திருக்கேன்!"

இன்னும் இரண்டு பெயர் சொன்னார். எல்லாம் வயதானவர்களின் பெயர்கள். ஒரு பெயரை மட்டும் சுற்றிச் சுற்றிப் போனார், மாடு கிணற்றைச் சுற்றுவதுபோல. ஒவ்வொரு பெயருக்கும் ஷிமெலிஸின் தலை குனிந்தது. மெகுரியா அவன் கால்களைப் பார்த்தார். அந்தச் சப்பாத்து. அடித்தோல் மாற்றி மாற்றி இன்னும் போட்டுக்கொண்டிருந்தான்.

பின் கதவு திறந்தது. யெஷி இறங்கி வந்தாள்.

"நான் அவ பக்கத்துக் கட்டடத்துல வேல செஞ்சேன், ஐயா. அவ பால்கனியும் என் பால்கனியும் எதிர் எதிர். துணி காயப் போடும்போது பேசிக்குவோம்" என்றாள். அவளால் அதற்குமேல் நேராகச் சொல்ல முடியவில்லை. "நாலாவது மாடி. துணி காயப் போடும்போது வழுக்கிட்டான்னு அந்த வீட்டுக்காரங்க சொன்னாங்க. அன்னைக்குத் துணியே காயப் போடல, ஐயா. கொடி காலியா இருந்துச்சு. நான் பாத்தேன்."

ஒரு லாரி கடந்தது. அதன் காற்றில் வெங்காயச் சருகுகள் பறந்து வந்து மெகுரியாவின் கால்சட்டையில் ஒட்டின. அவர் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். பிறகு அப்படியே சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். தாங்கிப் பிடிக்க ஷிமெலிஸும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணும்தான். வெங்காயக்காரிகளில் ஒருத்தி புரிந்துகொண்டு தலைத்துணியை இறக்கிவிட்டாள். அடுத்தவள் புரியாமல், "ஐயா, விலை குறைச்சுத் தரேன்" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து, "அவ எங்க இருக்கா?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரியிலதான். காகிதம் முடிஞ்சு அனுப்ப இன்னும் நாளாகும்னாங்க" என்றாள் யெஷி.

"பிர்கேக்கு?"

"தெரியாது அண்ணே" என்றான் ஷிமெலிஸ். "நாளைக்கு விடியல்ல. உன் அண்ணன் தெஸ்ஸேயிலேர்ந்து பஸ் ஏறிட்டார். சங்கத்துப் பந்தல அடுத்த தெருவுல இறக்கச் சொல்லியிருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் சொல்லணும்னு பெரியவங்க முடிவு. அண்ணிய அவங்க தங்கச்சி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. நீ வீட்ல இருந்தா எங்க முகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிருவ. அதான்..."

"அதான் எனக்கே என் சுற்றப் போட்டுக் காட்டுன."

"என்ன செய்யச் சொல்ற? வேற எது தெரியும் எனக்கு?"

"வண்டிய எடு. வீட்டுக்குப் போலாம்."

ஷிமெலிஸ் எடுத்தான். மோஜோவில் லாரிகளின் பின்னால் நின்றபோது மெகுரியா சாலையைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். இந்த வேகத்தில் போனால் வெளிச்சம் இருக்கும்போதே வீடு. பிர்கே கோயிலிலிருந்து வந்து வாசலில் உட்கார்ந்து பருப்புப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அடுத்த தெருவில் பெஞ்சு இறக்குகிற சத்தம் கேட்கும். தன் முகத்தைப் பார்ப்பாள். கூட யாரும் இருக்க மாட்டார்கள். அண்ணன் இன்னும் வழியில் இருப்பார்.

"ஸுக்வாலா ஏறு" என்றார்.

"மலைக்கா? இப்பவா அண்ணே?"

"ஏறுன்னா ஏறு. இறங்கி வர்றதுக்குள்ள இந்த லாரியெல்லாம் முன்னால போயிருக்கும். காப்பி அந்த ஏரிக்கரை வீட்ல குடிக்காத, புதன்கிழமை அவ சந்தைக்குப் போயிருப்பா. மேல மடத்து வாசல்ல ஒருத்தி போடுவா, மெதுவாத்தான் போடுவா." சொல்லும்போதே அவர் குரல் தொழில் குரலாக மாறியிருந்தது. யெஷி அவரைப் பயத்தோடு பார்த்தாள்.

மலையுச்சியில் அவர் ஏரிக்கரைக்கு இறங்கவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்து, கீழே வெள்ளைத் துணிகளுக்கிடையே யெஷி தீர்த்தம் மொண்டுகொண்டிருந்ததைப் பார்த்தார். யாரோ ஒரு பெண் யாரையோ கூப்பிட்டாள். காதைப் பொத்திக்கொண்டார்.

திரும்பும் வழியில் பிஷோஃப்து வாசலில் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவரே நிறுத்தச் சொல்லி ஒரு மூட்டை வாங்கினார். மூன்று நாளுக்குக் கூட்டம் சாப்பிட வேண்டும் என்பதை அந்த நேரத்திலும் அவருடைய மண்டை யோசித்துக்கொண்டிருந்தது.

இருட்டி வீடு சேர்ந்தபோது பிர்கே வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு வெங்காயம் எதுக்கு?"

"மலிவா இருந்துச்சு."

"நல்லதாப் போச்சு. உங்க அண்ணன் வராராம்ல தெஸ்ஸேலேர்ந்து? ஏதோ வேண்டுதலாம். தங்கச்சி சொன்னா. ஷிமெலிஸ்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். இன்னும் தெரியலங்கறான்."

"அவன் ஒரு சோம்பேறி" என்றாள். முக்காலியை இழுத்துப் போட்டு, வெங்காயத்தை மடியில் கொட்டிக்கொண்டு உரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. முழங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பாருங்க, சும்மாவே அழ வெக்கிறீங்க மனுஷிய. இன்னைக்கு அவளுக்காக மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன். இந்த ஞாயித்துக்கிழமை பேசுவா, பாத்துட்டே இருங்க. மனசு சொல்லுது."

சொல்லிவிடலாம் என்று அவருக்கு இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. ஹிருத்தின் குரல் ஒருபக்கம், சாலையோரத்தில் பறந்த சருகுகள் ஒருபக்கம். தனக்குக் கிடைத்த மாதிரி, லாரிப் புகைக்கு நடுவே கிடைத்த மாதிரி, இவளுக்கும் அந்தச் செய்தி கிடைக்க வேண்டுமா? ஓர் இரவு இருக்கட்டும் என்று நினைத்தார். ஓர் இரவு அவள் மகள் உயிரோடு இருக்கட்டும்.

பிர்கே தட்டை வைத்தாள். கைகழுவிவிட்டு எதிரில் உட்கார்ந்து, இஞ்செராவைப் பிய்த்து, பருப்புக் குழம்பில் தோய்த்துச் சுருட்டி நீட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் கவளம் அவள் கையால்தான்.

"வயிறு சரியில்ல" என்றார்.

"ஒரு வாய்தான. வாங்குங்க. நாள் பூரா வெயில்ல அலைஞ்சுட்டு வந்திருக்கீங்க."

வாங்கினார். மென்று விழுங்கினார்.

விடியலில் கதவு தட்டப்பட்டது. பிர்கே போய்த் திறந்தாள். வாசல் நிறைய ஆட்கள். முன்னால் தெருப் பெரியவர்கள், அவர்களுக்கு நடுவே தெஸ்ஸேயிலிருந்து வந்த அண்ணன், பின்னால் பெண்கள். அவர்களுடைய மேல்துணிகளின் கரை எல்லாம் கழுத்தோரம் ஏறியிருந்தது. இழவுக்குப் போகிறவர்கள்தான் கரையை அப்படி மேலே வைத்துப் போர்த்துவார்கள். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொடுத்தவனே எடுத்துக்கொள்வதைப் பற்றி ஆரம்பித்தார்.

பிர்கே அவரைக் கேட்கவில்லை. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். மெகுரியா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கோட்டுப் போட்டிருந்தார். சப்பாத்துக் கயிறைக்கூடக் கட்டியிருந்தார். இருட்டிலேயே எழுந்து உடுத்தித் தயாராக உட்கார்ந்திருந்தார், சவாரிக்குக் கிளம்புகிறவர் மாதிரி.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

அவர் எழுந்து நின்றார்.

"எப்பலேர்ந்து?"

"நேத்து மத்தியானத்துலேர்ந்து."

"நான் வெங்காயம் உரிச்சேன்" என்றாள் பிர்கே. அதற்குப் பிறகுதான் அலறினாள். விழுந்தபோது பெண்கள் பிடித்தார்கள். கைகள் போதுமான அளவுக்கு இருந்தன. திட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

பெட்டி வருவதற்கு இன்னும் பல நாள் ஆயிற்று. ஆணி அடித்து வந்தது. திறக்க வேண்டாம் என்றார்கள், திறக்கவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் வழுக்கி விழுந்ததாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். காலிக் கொடியைப் பற்றி யெஷி சொன்னதை எழுதிக்கொள்ள எந்த அரசாங்க மேசையிலும் ஆள் இல்லை. மெகுரியா நாலு மேசைக்குப் போய்ப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இப்போதும் அவர் காப்பிக்கடையின் மூலை மேசையில் இருக்கிறார். ஏரிக்கும் மடத்துக்கும் திட்டம் போட்டுக் கொடுக்கிறார். கொஞ்ச நாள் முன்பு ஒருவர் வந்து, தங்கை கனடாவிலிருந்து வருகிறாள், அம்மா போய்விட்டாள், ஒரு பகல் மட்டும் வெளியே வைத்திருக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"வண்டி ரிப்பேர்" என்றார் மெகுரியா. வண்டி கடை வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. வந்தவர் வண்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஷிமெலிஸிடம் போய்ப் பேசினார். மறுநாள் ஷிமெலிஸ் தனியாகப் போய் வந்தான். எங்கே போனாய் என்று இவர் கேட்கவில்லை.

வீட்டில் பிர்கே சமைக்கிறாள். அவர் வந்ததும் தட்டை எதிரில் வைக்கிறாள். அவளுடைய பங்கை வேறு தட்டில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறாள். முதல் கவளத்தை மெகுரியா தானே சுருட்டிக்கொள்கிறார்.